நீ கூப்பிட்டது கேட்டது, தேசக்கா

என் தேசக்காவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் கடல் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன். கடல் இல்லாத ஊரில் உன்னால் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் இருக்க முடியாது. திருத்தணிக்குக் கல்யாணத்துக்குப் போனவள், "காத்தே இல்லடா இங்க, மூச்சு முட்டுது" என்று தாலி கட்டிய கையோடு பஸ் ஏறி வந்துவிட்டாய். நினைவிருக்கிறதா?

உன்னிடம் சொல்ல ஒரு பெரிய சேதி இருக்கிறது. அதற்கு முன்னால் பவித்ராவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ போன அன்றைக்கு என் தோளில் எதுவும் தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தாளே, அந்த உன் மகள். இப்போது என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். பி.காம். படித்தாள். தண்டையார்பேட்டையில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறாள். உன் வீட்டுக்காரர் விசாகப்பட்டினம் பக்கம் படகு வேலைக்குப் போனவர், அங்கேயே குடும்பமாகிவிட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. என்னையும் குமாரியையும்தான் அவள் மாமா, அத்தை என்று சுற்றிச்சுற்றி வந்தாள். மணலியில் வேலை செய்கிற தினேஷ் என்ற நல்ல பையனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தோம். தாய்மாமன் சீர் எல்லாம் குறையில்லாமல் செய்தேன். நீ கேட்டால் அப்போதும் ஏதாவது ஒரு குறை கண்டுபிடிப்பாய், அது வேறு விஷயம்.

இந்த வருஷம் அவள் உண்டானாள். ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். வந்த நாளிலிருந்து அவள் வாய் பூட்டுப் போட்டாற்போல் ஆகிவிட்டது. காலையில் எழுந்தால் ஜன்னல். சாயங்காலம் விளக்கு வைத்தாலும் அதே ஜன்னல். கையில் இருந்த வளையல்தான் எப்போதாவது சத்தம் போடும், அவள் பேசமாட்டாள். சோறு பாதி தட்டில் அப்படியே கிடக்கும். குமாரிதான் ஒரு மத்தியானம் அவள் தலையைக் கோதிக்கொண்டே கேட்டாள், "இன்னாம்மா உன் மனசுல?"

"அம்மாவும் இப்டிதான அத்த இருந்திருப்பா? நல்லாதான இருந்திருப்பா? அப்பால போய்ட்டா இல்ல?"

அக்கா, இரண்டாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குள் நடந்து போனாய். நீயும் வரவில்லை, பிள்ளையும் வரவில்லை. அந்த ஒரு கதை மட்டும் அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். அன்றைக்குப் பெய்த மழை தெரியும். வெளியே வந்து சொன்ன நர்சின் முகம்கூடத் தெரியும். அதற்கு முன்னால் இருந்த உன்னைத்தான் தெரியாது.

"எனக்கு அம்மான்னா மூலக்கொத்தளம் சுடுகாடுதான் மாமா," என்றாள் என்னைப் பார்த்து. "வருசா வருசம் கூட்டிகினு போயி அந்த மண்ணத்தான காட்ற. அவ உசுரோட இருந்த எடம் ஒண்ணு காட்டேன்."

நீ உயிரோடு இருந்த இடம். நான் யோசித்துப் பார்த்தேன். நாம் பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. நீ நண்டு பிடித்த கரை பாறாங்கல் கொட்டின தடுப்புக்கு அடியில் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். நீ இறால் உரிக்கப் போன உன்னுடைய எறா கம்பெனி.

அது இப்போது என்னவாக இருக்கிறது தெரியுமா? நீ நம்பமாட்டாய். தற்காலக் கலைக்கூடம். வெள்ளைக்காரன் காலத்தில் சரக்கு அடைக்கக் கட்டிய கிட்டங்கிதானே அது? அப்புறம் எறா கம்பெனியாச்சு, கம்பெனி மூடின பிறகு பல வருஷம் புறாவும் அரசமரமுமாகப் பூட்டிக் கிடந்தது. யாரோ கலையில் பிரியம் உள்ளவர்கள் குத்தகைக்கு எடுத்து, இடிக்காமல் அப்படியே சீர்செய்து, ஓவியமும் சிற்பமும் வைத்திருக்கிறார்கள். மியூசியம் என்றால் ராஜாவின் வாளும் பாடம் செய்த முதலையும்தான் எனக்குத் தெரியும். இது அப்படி இல்லை. இன்றைக்கு உயிரோடு இருக்கிறவர்கள் செய்த பொருள்களின் மியூசியம். இத்தனை காலம் அந்த வழியாகத்தான் துறைமுகத்துக்கு எஞ்சின் ரிப்பேருக்குப் போய்வருகிறேன், ஒரு நாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பவித்ராவை ஷேர் ஆட்டோவில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். டாக்டரும் அவளை நடக்கச் சொல்லியிருந்தார்.

வாசலில் அதே வளைவு. அதே இரும்புக் கதவு, பச்சை வண்ணம் புதிதாக அடித்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன் அக்கா. வாடையே இல்லை. நீ சாயங்காலம் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே தெருவில் வந்துவிடுமே உன் எறா வாடை, எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் போகாதே. அத்தனை வாடையையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள்? செங்கல்லை எல்லாம் கழுவி, தரையைக் கண்ணாடி மாதிரி இழைத்திருந்தார்கள். மேலே பார்த்தேன். தேக்கு உத்தரங்கள் மட்டும் கறுப்பாக, அதே மாதிரி, எதையும் மறக்காத கிழங்கள்போல் படுத்திருந்தன.

முதல் கூடத்தில் விட்டத்தில் கடல் ஓடிக்கொண்டிருந்தது. நிஜமாகத்தான் சொல்கிறேன். எங்கிருந்தோ ஒளியைப் பாய்ச்சி, அலை முழுவதையும் தலைக்கு மேல் விட்டிருந்தார்கள். சத்தமே இல்லாத அலை. அண்ணாந்து பார்க்கப் பார்க்க, நான் தண்ணீருக்கு அடியில் நிற்கிறேன், மேலே யாரோ படகில் போகிறார்கள் என்று தோன்றியது. பவித்ராவின் முகத்தில் அந்த வெளிச்சம் நெளிந்தது. பல நாளைக்குப் பிறகு அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது.

அடுத்த கூடத்தில் வெறும் சட்டைகள். வெள்ளைச் சட்டைகள், கயிறு தெரியாமல் தொங்கின. காற்று வரும்போது எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி, நடந்துபோகிற கூட்டம் மாதிரி ஆடின. அதற்குள் நாங்களும் நடந்தோம். ஒரு சட்டையின் கை என் தோளைத் தொட்டுவிட்டுப் போனது. யாருடைய கை என்று திரும்பிப் பார்த்தேன் என்றால் நீ சிரிப்பாய். பார்த்தேன்.

அதற்கும் உள்ளே, கடைசியில், நீங்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து எறா உரித்தீர்களே, அந்த ஐஸ் கூடம். வாசலில் கறுப்புத் துணி தொங்கியது. பக்கத்தில் ஒரு பலகை. பவித்ரா நின்று அதைப் படித்துக்கொண்டிருந்தாள். நான் துணியை விலக்கி உள்ளே போனேன்.

சில்லென்று இருந்தது. இருட்டு என்றும் சொல்ல முடியாது, நீல வெளிச்சம். முழங்கால் அளவுக்குப் பனிமூட்டம் படர்ந்திருந்தது. எங்கே தரை, எங்கே சுவர் என்று புரியவில்லை. எங்கேயோ குழாய் திறந்திருந்தது. எங்கேயோ ஐஸ் கட்டியை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஈரத் தரையில் ரப்பர் செருப்பு நடந்துபோனது. நான் கனவில் நடக்கிறவன் மாதிரி கையை நீட்டிக்கொண்டு போனேன்.

அப்போது அவள் கூப்பிட்டாள். "ஏய், இங்க வாயேன்! சீக்கிரம் வா! வந்து பாரேன் இன்னா கீதுன்னு!"

பவித்ராவுக்கு வலி வந்துவிட்டதோ, வழுக்கி விழுந்துவிட்டாளோ? "இரும்மா, தோ வந்துட்டேன்!" என்று கத்திக்கொண்டே அந்த மூட்டத்துக்குள் ஓடினேன். ஒரு தூணில் தோளை இடித்துக்கொண்டேன். "எங்கம்மா கீற? பவித்ரா!"

"மாமா," என்று பின்னால், வாசல் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "நா இங்கதான கீறேன். யாராண்ட பேசற?"

திரும்பினேன். துணியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். அவள் வாய் மூடியிருந்தது. ஆனால் எனக்கு முன்னால், மூட்டத்துக்குள், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு மாமா அது, என்ன மாதிரியே பேசறது?" என்றாள் பவித்ரா.

அதற்குள் இன்னொரு பெண் குரல், கிழக்குரல், அதட்டியது. "மெதுவா தேசம்மா! மேஸ்திரி காதுல வுழுந்துறப் போவுது."

தேசம்மா.

அக்கா, நான் அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டேன். நீ பேசிக்கொண்டே போனாய், நாங்கள் அங்கே நிற்பது தெரியாமல்.

"குதுர மூஞ்சிடி இதுக்கு! எறாக்குள்ள குதுர! அய்ய, வால சுருட்டிக்குது பாரு. பாவம், உசுரு கீதுடி."

"தூக்கிப் போடுமே. அது இன்னாத்துக்கு நம்மளுக்கு?"

"போடறதா? என்னயே பாத்துகினு கீது. ஒரு கிண்ணில தண்ணி கொண்டா. கொழா தண்ணி வேணாம், உப்புத் தண்ணி."

அப்புறம் நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் ஐஸ் உடைகிற சத்தம் வந்து அதை மூடிவிட்டது.

உன் முகம் எனக்கு மறக்கவில்லை. போட்டோவில் இருக்கிறது, மாலை போட்டு, பொட்டு வைத்து. உன் குரல்தான் என்னை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. எப்போது போனது என்றுகூடத் தெரியாது. ராத்திரி கரையில் கட்டிவைத்த படகு காலையில் இல்லாமல் போகுமே, அது மாதிரி. எத்தனையோ தடவை கண்ணை மூடிக்கொண்டு தேடியிருக்கிறேன். நீ சொன்ன வார்த்தை வரும், குரல் வராது. அது இத்தனை வருஷமாக என் வீட்டிலேயே, "மாமா, டீ குடிக்கிறியா?" என்று கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறதே அக்கா. எனக்கு எப்படித் தெரியாமல் போனது?

பவித்ரா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூட்டத்துக்கு மேல் அவள் தலை மட்டும் தெரிந்தது.

அங்கே காவலுக்கு இருந்த பெண் ஓடிவந்தார். வண்ணாரப்பேட்டைக்காரர், ஷமீம் என்று பெயர், தலையில் துப்பட்டாவைப் போர்த்தி நீலச் சீருடை போட்டிருந்தார். "தரைல உக்காராதம்மா, வயித்துப் புள்ளக்காரி, சில்லுனு கீது பாரு," என்று தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். "இன்னாண்ணே, மயக்கமா இவங்களுக்கு?"

"இல்லம்மா. இப்ப பேசிச்சே ஒரு பொண்ணு, அது எங்க அக்கா," என்றேன். "இவளப் பெத்தவ."

ஷமீம் என்னைப் பார்த்தார். பவித்ராவைப் பார்த்தார். வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"யா அல்லா. இவங்களா? காலைல சுவிச்சு போட்டதும் என்ன மொதல்ல கூப்புடறது இவங்கதான்ணே. 'சீக்கிரம் வா, வந்து பாரேன்'னு. இந்தக் கூடத்துல தனியா நிக்க மொதல்ல எனக்குப் பயம். அப்பால இவங்க இருக்கங்காட்டி பயமே போச்சு. 'தோ வரேன்கா'ன்னு நானும் சொல்லுவேன், யாரும் இல்லாதப்ப."

பிறகு அவர்தான் விவரம் சொன்னார். பலகையில் எழுதியிருந்ததும் அதுதான். கம்பெனி நடந்த காலத்தில் ஒரு கல்லூரி மாணவி டேப் ரெக்கார்டரோடு வந்து, வேலை செய்கிற சத்தத்தை எல்லாம் பதிவுசெய்து வைத்திருந்தாராம். இப்போது அவர் பெரிய கலைஞர். அதே சத்தத்தை அதே கூடத்தில் விட்டிருக்கிறார். மூட்டத்துக்குள் கம்பியில் தொங்கிய சின்னச் சின்ன ஒலிபெருக்கிகள் அப்போதுதான் என் கண்ணில் பட்டன.

"போவாதீங்க," என்றார் ஷமீம். "மறுபடி சுத்தி வரும். கொஞ்ச நேரம் ஆவும், ஆனா வரும்."

நாங்கள் காத்திருந்தோம். தண்ணீர் விழுந்தது, ஐஸ் உடைந்தது, செருப்பு நடந்தது. யார் யாரோ வந்தார்கள், மூட்டத்தில் கொஞ்சம் நின்றார்கள், போனார்கள். நீ மறுபடி வந்தாய். மறுபடி கூப்பிட்டாய். மறுபடி அந்தக் குதிரை மூஞ்சியைப் பார்த்துச் சிரித்தாய். ஒவ்வொரு தடவையும் பவித்ரா நாற்காலியில் முன்னால் குனிந்தாள். எத்தனையாவது சுற்றிலோ, நீ "பாவம், உசுரு கீதுடி" என்று சொன்னதும் அவளும் கூடவே உதட்டை அசைத்தாள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டது. மூடுகிற நேரம் வந்தும் ஷமீம் எங்களைக் கிளம்பச் சொல்லவில்லை. மற்ற கூடங்களின் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, இந்தக் கூடத்தைக் கடைசியாக அணைத்தார்.

வெளியே வந்தபோது துறைமுகத்தில் ஏதோ கப்பல் சங்கு ஊதியது. பவித்ரா ரோட்டில் நின்று சொன்னாள், "அவ சத்தமா சிரிக்கிறா மாமா." வழியெல்லாம் 'பாவம், உசுரு கீதுடி' என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

ஷமீம் எங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. சில நாள் கழித்து அந்தக் கலைஞரே போன் செய்தார். பவித்ராவுக்கும் குமாரிக்கும் கேட்கட்டும் என்று நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"உங்க அக்காவை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு," என்றார். "அந்தக் கடல்குதிரை என்ன ஆச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? டிபன் பாக்ஸ் மூடியில உப்புத்தண்ணி ஊத்தி, அதுல அதை விட்டு, சாப்பாட்டு மணி அடிச்சதும் கடலுக்கு ஓடினாங்க. பின்னாடி நான் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கிட்டு ஓடறேன். நிறைமாசம் வேற அவங்களுக்கு. 'அக்கா, பார்த்து, மெதுவா போங்க'ன்னு கத்தறேன். திரும்பிப் பார்த்துச் சிரிச்சாங்க. 'அதுக்கு நேரம் இல்லமே, ஓடியா'ன்னாங்க. இடுப்பளவு தண்ணியில இறங்கி விட்டுட்டுத்தான் வந்தாங்க."

பவித்ரா என் கையைப் பிடித்தாள். "நெறமாசத்துலயா? எந்தப் புள்ள மாமா அப்ப வயித்துல?"

எனக்கும் குமாரிக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. இவள் பிறந்த பிறகு நீ எறா கம்பெனிப் பக்கமே போகவில்லையே.

"நீதான்டி," என்றாள் குமாரி. "வேற யாரு?"

பவித்ரா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அப்ப நானும் அங்கதான் இருந்திருக்கேன்," என்றாள். "நானும் கடலுக்கு ஓடியிருக்கேன்." பிறகு வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். சத்தமாக. எதிர்வீட்டு ஜன்னலில் ஆள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு.

அன்றைக்கு ராத்திரிச் சோற்றில் மீன் குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அடுத்த நாளிலிருந்து கேள்வி ஆரம்பித்தது. அம்மாவுக்கு எந்த மீன் பிடிக்கும்? யாரோடு சண்டை போட்டாள்? கோபம் வந்தால் எதைத் தூக்கி எறிவாள்? குமாரி சொன்னாள், நான் சொன்னேன், நீ சினிமா தியேட்டரில் செருப்பைத் தொலைத்த கதை வரைக்கும் சொன்னோம். பயம் ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். சில நாள் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்திருப்பாள். ஆனால் அப்போது குமாரியைக் கூப்பிடுவாள், தனியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டாள்.

வலி வந்த அன்றைக்கு நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தேன். உனக்காக நின்ற மாதிரியேதான். தினேஷ் பாவம், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தான். கதவு திறந்து நர்ஸ் வந்தார்.

"இன்னா சார் உங்க பொண்ணு, அந்த வாய் வாய் பேசுது!" என்றார் நர்ஸ். "டாக்டரம்மாவயே 'சீக்கிரம் பண்ணுமே'ன்னு அதட்டுது!"

நான் சிரித்துவிட்டேன் அக்கா. அந்த இடத்தில், அந்த நேரத்தில், அடக்க முடியாமல் சிரித்தேன். குமாரி என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்துவிட்டு அவளும் சிரித்தாள், அழுதாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே குழந்தை அழுதது.

பெண் குழந்தை. தாயும் நலம், பிள்ளையும் நலம். இதுதான் நான் சொல்ல வந்த சேதி. உன் பெயரையே வைக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். பவித்ரா ஒத்துக்கொள்ளவில்லை. "அம்மா பேரு அம்மாவாண்டயே இருக்கட்டும். இவளுக்கு வேற பாக்கலாம்," என்றுவிட்டாள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. நீ உன் பெயரை யாருக்கும் கொடுக்கிறவள் இல்லை.

அந்தக் கடல்குதிரை நீந்திப் போனதா அக்கா? அதை மட்டும் அந்தக் கலைஞராலும் சொல்ல முடியவில்லை. தண்ணீரில் விட்டதும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டதாம்.

இனி இந்தக் குழந்தைக்கு உன்னைப் பற்றிச் சொல்லவேண்டியது என் பொறுப்பு. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தேன். சடையங்குப்பத்தில் நம் சித்தப்பா மகள் வனஜா கல்யாணத்திலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன். விடிய விடிய மழை பெய்து தெரு முழுக்க மார்பளவு வெள்ளம். பெண் வீட்டில் பெண் நிற்கிறாள், மாப்பிள்ளை கோயிலில் நிற்கிறான், நடுவில் தண்ணீர். பெரியவர்கள் எல்லாம் முகூர்த்தம் தப்பிவிடும் என்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தபோது, நீ மீன் வண்டியில் ஒரு கட்டுமரத்தை ஏற்றிக்கொண்டு வந்தாயே. அதன்மேல் நாற்காலியைக் கட்டி, வனஜாவை உட்காரவைத்து, கையில் குடையைக் கொடுத்து, பட்டுப்புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கழி ஊன்றித் தள்ளினாய். பின்னால் பிடித்து நீந்திக்கொண்டு வந்தவன் நான். மாடியில் எல்லாம் ஜனங்கள். ஒரு எருமைக்கூட்டம் மூக்கை மட்டும் வெளியே நீட்டி உன்னை வேடிக்கை பார்த்தது. "ஒத்து, ஒத்து, பொண்ணு வருது!" என்று நீ எருமைகளைப் பார்த்து அதட்டினாய். அவையும் ஒதுங்கின.

ஒன்றும் விடாமல் சொல்வேன், இது சத்தியம். கொஞ்சம் பொய்யும் சேர்த்துச் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதே. நீயே அப்படித்தானே சொல்வாய்.

உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நடை பழகின தம்பி,
ஏழுமலை
காசிமேடு